கதவைத் தட்டாமல் வந்த செய்தி

ஞானமணி அக்கா காலமான செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. காலை நேரத்தில் எங்கள் கட்டடத்து வாட்ஸாப் குழுவில், இந்தியில், ஒரே வரி. ஞானமணி இன்று விடியற்காலையில் இறந்துவிட்டார், அடக்கம் நாளை. எழுதியவர் பெயர் இல்லை. அனுப்பிய எண் இறந்தவருடையது.

நான் நம்பவில்லை. யாருமே நம்பவில்லை. இரண்டாம் மாடி குல்கர்னி, "மேடம், இந்த வருஷம் இப்படியா?" என்று கேட்டு, கும்பிடும் கைகள் படம் ஒன்றைப் போட்டார். மூன்றாம் மாடிக்காரர்கள், தண்ணீர் பிடித்து வைத்தாயிற்று, டார்ச்சும் தயார் என்று பதில் எழுதினார்கள். காரணம் இருந்தது. அது மே மாதக் கடைசி. மழைக்காலம் தொடங்குவதற்கு முன், இந்த நாட்களில்தான் அக்கா வருடந்தோறும் எங்களை ஏமாற்றுவார்.

அவரை அறியாதவர்களுக்கு நாங்கள் கல்நெஞ்சக்காரர்களாகத் தோன்றலாம். ஆகவே அவர் யார் என்று சொல்லிவிட்டு இந்தச் செய்திக்குத் திரும்பி வருகிறேன்.

போபோடியில், முளா ஆற்றுக்கு ஒரு சந்து தள்ளி நிற்கிறது எங்கள் கட்டடம். லிஃப்ட் கிடையாது. கீழ்த்தளத்தில் நானும் அப்பாவும். எங்களுக்கு நேர் மேலே முதல் மாடியில் ஞானமணி அக்கா. தாத்தா காலத்திலேயே பாளையங்கோட்டைப் பக்கமிருந்து கட்கி கன்டோன்மென்ட்டுக்கு வந்து சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம் அவர்களுடையது. கணவர் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாணவர்களின் விடுப்புக் கடிதங்களை வாங்கி வைப்பதும் அந்த வேலையில் சேர்த்தி.

"வயித்து வலின்னு எழுதுன லெட்டரா வாசிச்சே எனக்கு கண்ணாடி வந்திட்டு. ஒரு பயலுக்காவது நெஜமா வலிச்சிருக்காது," என்பார்.

அந்த வேலை தந்த பழக்கமோ, பிறவிக் குணமோ, அக்கா எதையும் நம்பமாட்டார். பால்காரரை நம்பமாட்டார். பஞ்சாங்கத்தை நம்பமாட்டார், பாதிரியார் சொல்லும் நேரத்தை நம்பமாட்டார். ஃபோனில் வரும் வானிலையைப் பார்த்து, "இவன் எந்த ஊர்ல உக்காந்து சொல்லுதான்?" என்று கேட்பார்.

நானும் அதில் சளைத்தவள் இல்லை. கோயம்புத்தூர்க்காரி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹிஞ்சேவாடியில், மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் எங்கே தப்பு இருக்கிறது என்று தோண்டிப் பார்ப்பது என் பிழைப்பு. நல்லவர்களைக் கண்டாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். அப்பா எங்கள் ஊர்ப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்ததோடு பேச்சும் போய்விட்டது. 'சரி', 'பொய்' என்ற இரண்டு சொற்கள் மட்டும் மிஞ்சின. இப்படிச் சிலருக்கு நேர்வதுண்டு என்று மருத்துவர் விளக்கினார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆயுள் முழுக்க நீட்டிய டிக்கெட்டைப் பார்த்து அவர் சொன்னது இந்த இரண்டையும்தான்.

நாங்கள் குடிவந்த வாரமே அக்கா கதவைத் தட்டினார். கையில் டார்ச். பெயரைச் சொன்னார், என் பெயரைக் கேட்டார், அடுத்த பேச்சு இது:

"வசந்தி, உங்க பாத்ரூம காட்டு."

புது ஊரில், முன்பின் தெரியாத ஒருவர் வந்து குளியலறையைக் காட்டு என்றால் என்ன நினைப்பது? "எதுக்குங்க அக்கா?" என்றேன். வழியை விடவில்லை.

"ஆறு வாசல் வழியா வரும்னு எல்லாரும் வாசல்லயே பாத்துட்டு நிப்பாவ. அது அப்படி வராது. பாத்ரூம் ஓட்ட வழியாத்தான் மொதல்ல வரும். ஆத்துல தண்ணி ஏறுனா சாக்கடை எங்கன போவும்? திரும்பி உன் வீட்டுக்குத்தான் வரும்."

உள்ளே வந்து, தரையில் தண்ணீர் போகும் சல்லடைமூடியை டார்ச் அடித்துப் பார்த்தார். மறுநாள் தடித்த துணிப்பையில் மணலைக் கட்டிக் கொண்டுவந்து மூலையில் வைத்தார். மழை வலுத்தால் அதை ஓட்டையின் மேல் வைத்து அழுத்த வேண்டும், கழிப்பறைக்கு இன்னொரு மூட்டை. இதனால் வெள்ளம் நிற்காது, நாம் படியேறுவதற்கு நேரம் கிடைக்கும், அவ்வளவுதான் என்றார். கேட்காமலே ஒருவர் மணல் கொண்டுவந்து தருவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அவர் போனதும் பையை அவிழ்த்துப் பார்த்தேன். மணல்தான் இருந்தது.

அடுத்த தடவை வந்து வீட்டுச் சாவி கேட்டார்.

"நீ வேலைக்குப் போயிருதே. அப்பா கீழ கெடக்காவ. தண்ணி வந்தா பூட்ட ஒடைக்கவா சொல்லுதே?"

"பகல்ல மங்கலாபாய் இருக்காங்க. சாவியெல்லாம் தர முடியாதுங்க அக்கா," என்றேன். மங்கலாபாய் ஏரவாடாவிலிருந்து வந்து பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள்.

"அவ ஆத்தத் தாண்டித்தானே வரணும்? என்னைக்குப் பாலம் அடைக்குதோ அன்னைக்கு அவளும் அங்க, நீயும் அங்க. அப்பா மட்டும் இங்க."

அவர் சொன்னது சரிதான். ஆனாலும் தலையாட்டவில்லை. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். மாறாக அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது.

"நீ என்னய நம்பல. நல்லது. நானும் உன்னய நம்பல. ஒண்ணு செய்வோம். என் வீட்டுச் சாவிய நீ வச்சுக்கோ, உன் சாவிய நான் வச்சுக்கிடுதேன். என் வீட்டுல ஒரு சாமான் கொறைஞ்சா உன் வீட்டுல ஒண்ணு கொறையும்."

இரு நாடுகள் கைதிகளை மாற்றிக்கொள்வது போல வாசலில் நின்று சாவிகளை மாற்றிக்கொண்டோம். அன்று மாலையே என் பீரோக் கதவின் இடுக்கில், திறந்தால் அறுந்துபோகும்படி ஒரு நூலை ஒட்டிவைத்தேன். அப்பா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சரி," என்றார்.

வீட்டை மழைக்குத் தயார் செய்வது என்றால் அதுவரை எனக்குக் குடை வாங்குவதும் துணி காயக் கொடி கட்டுவதும்தான். அக்கா அதை ஒரு வழக்கு விசாரணை போல நடத்தினார். பத்திரங்கள் எங்கே? கீழ்த்தட்டிலா? அரிசி டப்பாவுக்கு மூடி இறுக்கமா? மாத்திரைகளை எந்தப் பையில் வைத்திருக்கிறாய், எடுத்துக் காட்டு. மின்சார மெயினை எந்தப் பக்கம் இறக்க வேண்டும், இறக்கிக் காட்டு. வைத்திருக்கிறேன் என்று வாயால் சொன்னால் அவரிடம் செல்லாது. அப்பாவுக்காகக் கைப்பிடி வைத்த ஒரு மர நாற்காலியைத் தேடிப் பிடித்து, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, அதைத் தன் வீட்டு வாசலில் சாத்தி வைத்தார். குல்கர்னியும் இன்னொருவரும் தூக்க, அப்பாவைப் படியேற்றிப் பழகினோம். முதல் தடவை அப்பா பயந்து "பொய், பொய்," என்று சத்தம் போட்டார். இரண்டாம் தடவை சாமி ஊர்வலம் போவது போலத் தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இந்த ஒத்திகைகள்தான் கட்டடத்தில் பகையை வளர்த்தன. மே மாதக் கடைசியில், முன்கூட்டிச் சொல்லாமல், அக்கா குழுவில் "பானி ஆ கயா" என்று போட்டுவிட்டுப் படிக்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் வந்துவிட்டது என்று நம்பி யார் எதைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள் என்று பார்ப்பார். ஒரு வருடம் குல்கர்னி தொலைக்காட்சிப் பெட்டியைச் சுமந்துகொண்டு மேலே ஏறினார். அவர் மனைவியும் மாமியாரும் இன்னும் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். அக்கா அதை எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். குல்கர்னி பல மாதங்கள் அவரோடு பேசவில்லை.

கட்டடத்துக் கூட்டத்தில் குல்கர்னி எழுந்து நின்று, இப்படிப் பொய் சொன்னால் நிஜமாக வெள்ளம் வரும் நாளில் யார் நம்புவார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நானும் அதையே கேட்க நினைத்திருந்தேன்.

அக்கா அசரவில்லை. "ஃபோன்ல வருதத நீங்க நம்பக்கூடாதுன்னுதான் செய்தேன். எவன் எங்கேருந்து அனுப்புதானோ. நெஜம்னா நானே வந்து கதவத் தட்டுவேன். நின்னு, மூஞ்சியப் பாத்துச் சொல்லுவேன். அப்பம் நம்புங்க," என்றார். அதையே இந்தியிலும் சொன்னார். அன்று முதல் எங்கள் கட்டடத்தில் அது விதியாகிவிட்டது.

பிறகு அந்த ஜூலை வந்தது. ஒரு வேலை நாள். நான் காலையிலேயே அலுவலகக் காரில் ஹிஞ்சேவாடி போய்விட்டேன். மங்கலாபாய் வழக்கம் போல் வந்து தன்னிடமுள்ள சாவியால் திறந்துகொள்வார் என்று அப்பாவுக்குக் காலை உணவு கொடுத்து, கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தேன். போய்ச் சேர்ந்ததும் அவரிடமிருந்து அழைப்பு. மழையில் பாலத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் நிற்கிறது, தான் வர முடியவில்லை என்றார். உடனே ஒரு ஷேர் காரைப் பிடித்துத் திரும்பினேன். வண்டி நகரவில்லை. ஃபோனில் செய்திகள் வந்து குவிந்தன. அணையிலிருந்து மாலையில்தான் தண்ணீர் திறப்பார்கள் என்று ஒன்று. ஏற்கெனவே திறந்தாகிவிட்டது என்று இன்னொன்று. எல்லாம் வதந்தி, யாரும் பயப்பட வேண்டாம் என்று மூன்றாவது. எதை நம்புவது? நான் எதையும் நம்பவில்லை. கதவு பூட்டிய வீட்டில், கீழ்த்தளத்தில், அப்பா படுத்திருக்கிறார் என்பது மட்டும்தான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம்.

அக்காவுக்குத் திரும்பத் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. கடைசியில் அவரே கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"அப்பா மேல இருக்காவ. என் வீட்டுல."

"அக்கா, அப்பாகிட்ட ஃபோனக் குடுங்க."

"நம்ப மாட்டேங்கே, இல்லையா? அதான் சரி. குடுக்கேன்."

மூச்சுச் சத்தம் கேட்டது. "அப்பா, நீங்க மேலயா இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"சரி."

அது போதாது. எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லும் நாட்களும் அவருக்கு உண்டு. திருப்பிப் போட்டுக் கேட்டேன். "கீழ நம்ம வீட்டுலதானே இருக்கீங்க?"

"பொய்," என்றார் அப்பா, நல்ல கணீர்க் குரலில்.

காரில் மற்றவர்கள் இருந்தார்கள். நான் அழுதேன்.

நடந்தது என்ன என்று பிறகு குல்கர்னி சொன்னார். மாலையில் தண்ணீர் என்ற செய்தியைப் படித்ததுமே அக்கா, சாயங்காலம் என்று சொன்னால் சொன்னவனுக்கே தெரியாது என்று அர்த்தம், என்று முணுமுணுத்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறார். என் சாவியால் கதவைத் திறந்து நேராகக் குளியலறைக்குப் போயிருக்கிறார். மணல் மூட்டையைச் சுற்றிக் கறுப்பாகத் தண்ணீர் கசிந்து வந்திருக்கிறது. வாசலிலோ இன்னும் தூறல்தான். உடனே இரண்டாம் மாடிக்கு ஏறிக் கதவைத் தட்டியிருக்கிறார்.

"மேடம் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். 'பாபுஜி கோ உடாவ்' என்றார். அவ்வளவுதான்," என்றார் குல்கர்னி. அப்பாவைத் தூக்குங்கள் என்று சொல்லியிருக்கிறார். தொலைக்காட்சிப் பெட்டிக்காக அவமானப்பட்ட அதே மனிதர்தான் மூங்கிலின் முன்பக்கத்தைப் பிடித்திருக்கிறார். அவர்கள் இரண்டாவது வளைவு ஏறும்போது கீழே வாசலிலும் தண்ணீர் நுழைந்துவிட்டது. மதியத்துக்குள் அப்பாவின் கட்டில் மூழ்கியது.

தண்ணீர் வடிந்து வீட்டைக் கழுவிய நாளில் அக்கா வந்து, கீழ்த்தட்டில் வைத்ததால் நாசமான அரிசி டப்பாவைக் காட்டி என்னைத் திட்டினார். நான் பீரோவைப் பார்த்தேன். தண்ணீர் எட்டாத மேல் கதவில் ஒட்டிய நூல் அப்படியே இருந்தது. அக்காவும் அதைப் பார்த்தார்.

"நூலு ஒட்டியிருக்கியோ? நானும் எங்க பீரோல ஒட்டித்தான் வச்சிருக்கேன். ஆனா நீ ஒரு நாள்கூட என் வீட்டத் தொறந்து பாக்கல. என்ன சந்தேகம் போ."

நன்றி சொல்ல வாயெடுத்தேன். "உங்க அப்பாவுக்காக ஒண்ணும் செய்யல. கீழ் வீடு முங்குனா நாத்தம் எனக்குத்தான வரும்," என்று என் வாயை அடைத்துவிட்டார். அவர் சொன்னதிலேயே நான் கொஞ்சமும் நம்பாதது இதைத்தான்.

ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். முன்பு ஒரு வெள்ளத்தில், ஒலிபெருக்கி வைத்த வண்டியின் பேச்சை நம்பி, கல்யாண ஆல்பத்தைப் பறிகொடுத்ததாகச் சொன்னார். குல்கர்னியின் மனைவியிடம் சொன்ன கதையில் அது தையல் மெஷினாக இருந்தது. மங்கலாபாயிடம் ஒரு பூனை என்று சொல்லியிருக்கிறார். எது உண்மை என்று அவரிடம் கேட்கவில்லை. கேட்டாலும் நான்காவதாக ஒன்று வந்திருக்கும்.

இனி அந்தச் செய்திக்கு வருகிறேன்.

குழுவில் வந்த வரியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பொய்," என்றார் சிரித்துக்கொண்டே. அக்காவின் எண்ணை அழைத்தேன், அணைத்து வைத்திருந்தது. ஒத்திகைதான், படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார் என்று வெளியே வந்தேன். படிக்கட்டு காலியாக இருந்தது. மேலே போய்த் தட்டினேன். யாரும் திறக்கவில்லை. அப்போது அவர் சாவியை முதல் முதலாகப் பயன்படுத்தினேன்.

வீடு மழைக்குத் தயாராக இருந்தது. பாத்திரங்கள் மேல்தட்டில். தண்ணீர்க் குடங்கள் மூடியோடு. அப்பாவின் மூங்கில் நாற்காலி எடுக்க வாகாகக் கதவருகே, புதுக் கயிறு கட்டி. பீரோ இடுக்கில் நூல் அறுபடாமல் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. எல்லாம் ஒத்திகைக்கு ஏற்றபடிதான் இருந்தது. அப்போதுதான் வாசல் ஆணியைப் பார்த்தேன். மாற்றுத்துணி, மாத்திரை, டார்ச் எல்லாம் போட்டு அவசரத்துக்கென்று ஒரு நீலப் பை எப்போதும் அதில் தொங்கும். ஒத்திகைக்கு அவர் அந்தப் பையை ஒரு நாளும் எடுத்ததில்லை. ஆணி வெறுமையாக இருந்தது.

வெளியே வந்து அவர் வீட்டைப் பூட்டினேன்.

பிறகு படியேறி குல்கர்னியின் கதவைத் தட்டினேன். திறந்தார். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அவர் கை கதவுநிலையைப் பிடித்துக்கொண்டது. அடுத்து மூன்றாம் மாடி. கடைசிவரை ஒவ்வொரு கதவையும் தட்டினேன். நின்று, முகத்தைப் பார்த்துச் சொன்னேன். ஃபோனில் தயார், தயார் என்று எழுதியவர்கள் எல்லாரும் அழுதார்கள். அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. அவருக்கு அன்று இன்னும் ஒத்திகையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் அக்காவின் தம்பியைப் பார்த்தேன். சென்னையிலிருந்து வந்திருந்தார். இறப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பு, நெஞ்சு வலிக்கிறது என்று அக்கா தானே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். எங்களில் யாரிடமும் சொல்லவில்லை. குழுவில் எழுதியது தான்தான் என்றார் தம்பி. அக்காவுக்கு இந்த வெள்ள பயம் ஏன் வந்தது என்று அவரிடம் கேட்டேன்.

"வெள்ளமா? அவுக எப்பவும் மாடி வீட்டுலதானே இருந்தாவ. ஒரு சாமான்கூட நனைஞ்சதில்லையே," என்றார்.

ஆல்பம், தையல் மெஷின், பூனை எல்லாம் அத்தோடு போயிற்று. தம்பி நீலப் பையைத் திறந்து ஒரு சாவியை எடுத்தார். "ஆஸ்பத்திரியில கேட்டுக்கிட்டே இருந்தாவ. கீழ் வீட்டுச் சாவி பையில இருக்கான்னு. இருக்குன்னு சொன்னா நம்ப மாட்டாவ. எடுத்துக் காட்டணும்."

அது எங்கள் வீட்டுச் சாவி.

வீடு திரும்பியபோது அது என் கையிலேயே இருந்தது. அதைப் போட்டுத் திறக்கவில்லை. எங்கள் வீட்டுக் கதவை நானே தட்டினேன். மங்கலாபாய் திறந்தார். அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். உள்ளே போகாமல் வாசலில் நின்று, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"அப்பா, ஞானமணி அக்கா செத்துட்டாங்க."

அப்பா சிரிக்கவில்லை. என் முகத்தை, சந்தேகமான ஒரு டிக்கெட்டைப் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தார். இடது கையைத் தூக்கி மேல்மாடியைக் காட்டினார். பிறகு கையை மெதுவாக இறக்கிப் போர்வையின் மேல் வைத்தார்.

"சரி," என்றார்.

நிம்மதியாகப் போங்கள், அக்கா. மணல் மூட்டைகளை மாற்றிவிட்டேன், அரிசி மேல்தட்டில் இருக்கிறது. எங்கள் சாவியை குல்கர்னியிடம் கொடுத்து அவருடையதை வாங்கி வைத்திருக்கிறேன். அவரை நான் நம்பவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன்.